வளைவில் பைக் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சிங்கப்பூரில் 2பி உரிமத்துக்கு, அதாவது சிறிய மோட்டார்சைக்கிள் ஓட்டும் உரிமத்துக்கு, பயிற்சி எடுப்பவர் வளாகத்துக்குள் எட்டு போடுகிறார், ஒடுக்கமான பலகை மேல் ஓட்டுகிறார், கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறார். எல்லாம் மெதுவான வேகத்தில்தான். உரிமம் கைக்கு வந்த பிறகு தினமும் வேலைக்குப் போகும் பாதை பெரும்பாலும் விரைவுச்சாலை, அதுவும் நேராக. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் பைக்கைச் சாய்த்து வளைவைக் கடப்பதற்கு இந்த ஊரில் வாய்ப்பே குறைவு. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கடற்பாலம் தாண்டி மலேசியாவின் கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் போகும்போது வளைவுகள் வரிசையாக வருகின்றன. பயமும் கூடவே வருகிறது.

அந்தப் பயத்தைத் திறமைக் குறைவு என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். வளைவில் நடக்கும் ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் உண்டு, அதைத் தேடிப் பிடிக்க முடியும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கோளாறு தெரிவது வளைவின் நடுவில், அது தொடங்கியது பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று வினாடிகள் முன்னால். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் பின்னோக்கி யோசியுங்கள். நடுவில் என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் கை என்ன செய்தது, அதற்கும் முன் கண் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் விடை கிடைக்கும்.

முதலில் பைக்

உங்களைக் குறை சொல்லிக்கொள்ளும் முன் வண்டியைப் பாருங்கள். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பிஐஇ விரைவுச்சாலை முழுக்க ஓட்டிவிட்டுப் பெட்ரோல் நிலையத்தில் அளந்தால் சூட்டினால் எண் கூடுதலாகக் காட்டும், நீங்களும் சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிடுவீர்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டிலும், பல வண்டிகளில் சங்கிலி மறைப்பிலோ பின்சக்கரக் கையிலோ ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனக்கும், வளைவுக்குள் தள்ளுவதற்கே சிரமமாக இருக்கும்.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வைத்து, ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். நேராக இருக்கும் இடத்தில் லேசாக ‘டக்’ என்று பள்ளத்தில் விழுவது போலத் தெரிந்தால் ஹேண்டில் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதோடு எவ்வளவு பழகினாலும் வளைவு சீராக வராது. சங்கிலி தொய்ந்திருந்தால் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திறக்கும்போதும் மூடும்போதும் பைக் வெட்டி இழுக்கும். இவை எல்லாம் மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைகள். இவை சரியான பிறகும் கோளாறு இருந்தால் கீழே தொடருங்கள்.

அறிகுறி: வளைவில் பைக் வெளிப்பக்கம் ஓடிப்போகிறது

பெரும்பாலோர் சொல்லும் புகார் இதுதான். விழுவதில் முக்கால்வாசி இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் அந்த நொடியில் என்ன செய்வது. இடதுபுற வளைவில் பைக் நடுக்கோட்டை நோக்கி ஓடுகிறது என்று வையுங்கள். பார்வையை அந்தக் கோட்டிலிருந்து பிடுங்கி, வளைவு முடியும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். இடது கைப்பிடியை முன்னோக்கி அழுத்துங்கள். த்ராட்டிலைச் சட்டென்று மூடாதீர்கள், முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். காய்ந்த சாலையில் நல்ல டயருக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகப் பிடிப்பு மீதம் இருக்கும். பயத்தில் நிமிர்த்தியதால் சாலையை விட்டு வெளியே போனவர்கள் ஏராளம்.

இடது கையை அழுத்தினால் பைக் ஏன் இடதுபக்கம் சாய்கிறது என்று புதியவர்கள் கேட்பார்கள். சைக்கிள் வேகத்தைத் தாண்டிய பிறகு இரண்டு சக்கர வண்டி இப்படித்தான் திரும்புகிறது. கைப்பிடியை முன்னோக்கி அழுத்தும்போது முன்சக்கரம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, அதனால் வண்டி நீங்கள் அழுத்திய பக்கம் சாய்கிறது. ஓட்டுநர்கள் இதைக் கவுண்டர் ஸ்டீயரிங் என்கிறார்கள். பலர் தெரியாமலேயே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தெரிந்து செய்வதில் உள்ள பலன் என்னவென்றால், அவசரத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் எங்கே அழுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியும். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், 40 கி.மீ. வேகத்தில், உங்கள் தடத்துக்குள்ளேயே இடது, வலது என்று லேசாக அழுத்திப் பாருங்கள். பைக் எவ்வளவு உடனே கேட்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

சரி, இப்போது பின்னோக்கிப் போவோம். ஏன் ஓடியது?

முதல் காரணம் வேகம். 30 மீட்டர் ஆரம் உள்ள சமதள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க ஏறத்தாழ 23 பாகை சாய்வு போதும். 50 என்றால் 33 பாகை. 60 என்றால் 43 பாகை. ஒவ்வொரு முறையும் கூடியது பத்து கிலோமீட்டர்தான், ஆனால் முதலாவது யாருக்கும் சுலபம், கடைசியானது சாலையில் யாரும் கேட்கக் கூடாத சாய்வு. சாய்வுக்கான தேவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. கொஞ்சம்தானே கூட வந்தேன் என்று தோன்றும் இடத்தில் உண்மையில் நிறையக் கூட வந்திருப்பீர்கள்.

விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளையப் பாதைகளில் இது தினமும் நடக்கிறது. 90-இல் கால் மணி நேரம் ஓட்டிவிட்டால் மூளை அந்த வேகத்துக்குப் பழகிவிடும். 60-க்குக் குறைத்ததும் நடப்பது போல இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள், மீட்டரைப் பாருங்கள். பலகையில் 40 என்று போட்டிருந்தால் அதை மதித்து, நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடியுங்கள். இந்த வளையப் பாதைகளில் சில, போகப் போக இறுகும். நுழைவில் வசதியாக இருந்த வேகம் பாதியில் போதாமல் போகும்.

இரண்டாவது காரணம், சீக்கிரம் திரும்புவது. பயந்தவர் வளைவைக் கண்டவுடன் உள்பக்கம் சாய்ந்துவிடுவார். வளைவின் உள்விளிம்பை, ஓட்டுநர்கள் அபெக்ஸ் என்று சொல்லும் இடத்தை, மிகச் சீக்கிரம் தொட்டுவிட்டால் வண்டியின் முகம் வெளிப்பக்கம் பார்த்தபடி மீதிப் பாதி வளைவு பாக்கி இருக்கும். அங்கே ஓடாமல் வேறு என்ன செய்யும்? உங்கள் தடத்தின் வெளிப்பக்கத்திலேயே இன்னும் ஒரு நொடி பொறுங்கள். வெளியேறும் வழி கண்ணில் பட்ட பிறகு திரும்புங்கள். பொறுத்தவருக்குப் பார்வையும் நீளும், பாதையும் நேராகும். பைக் பழகியதிலேயே எனக்குப் பிடித்த பாடம் இந்த ஒரு நொடிப் பொறுமைதான்.

மூன்றாவது, கண். நடைபாதை விளிம்பைப் பார்த்தால் அதை நோக்கியே போவீர்கள், வடிகாலைப் பார்த்தால் வடிகாலுக்கு. ‘அதில் மோதிவிடக் கூடாது’ என்று நினைத்து அதையே பார்ப்பதுதான் ஆபத்து. கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள்: சாலையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும் புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது உங்களை நோக்கி வந்துகொண்டிருந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் அதிகம். ஒரே தூரத்தில் நின்றால் வேகம் சரி. விலகி ஓடினால் வளைவு திறக்கிறது, த்ராட்டிலை மெதுவாகத் திறக்கலாம். முன்பின் தெரியாத சாலையில், வரைபடம் இல்லாமல், வளைவின் அளவை இது ஒன்றே சொல்லிவிடும்.

அறிகுறி: வளைவுக்குள் போனதும் உடம்பு கல்லாகிவிடுகிறது, பைக் தத்தளிக்கிறது

சவுத் புவன விஸ்தா சாலையை நம் ஊரில் 99 வளைவு என்பார்கள். பாசிர் பாஞ்சாங் பக்கத்திலிருந்து கெண்ட் ரிட்ஜ் மேட்டுக்கு நெளிந்து ஏறுகிற சின்னச் சாலை. அங்கே புதிதாக ஓட்டும் ஒருவருக்குப் பின்னால் மெதுவாகப் போய்ப் பாருங்கள், எல்லாம் தெரியும். முழங்கை இரண்டும் நேராக விறைத்திருக்கும். தோள் காது வரை ஏறியிருக்கும். ஹெல்மெட் மட்டும் சாய்வுக்கு எதிராக நிமிர்ந்து நிற்கும். பிரேக் விளக்கு வளைவின் நடுவில் விட்டு விட்டு மின்னும். பைக் ஒரே வளைவை நான்கு சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வெட்டிப் போகும்.

காரணம் பைக்கில் இல்லை. விறைத்த கை இரண்டு வேலையைக் கெடுக்கிறது. உள்பக்கக் கை அழுத்தும்போதே வெளிப்பக்கக் கை எதிர்த்துத் தள்ளுகிறது, அதனால் பைக் பாதிதான் கேட்கிறது. அதோடு சாலையின் மேடு பள்ளம் எல்லாம் கை வழியாக உடம்புக்கும், உடம்பிலிருந்து திரும்ப ஹேண்டிலுக்கும் போகிறது. அதுதான் அந்தத் தத்தளிப்பு.

உடம்பைக் கையால் தாங்குவதை நிறுத்துங்கள். முழங்கால் இரண்டையும் பெட்ரோல் டாங்கியில் இறுக்குங்கள். பாதத்தின் முன்பகுதியால் ஃபுட்பெக்கை, அதாவது கால் வைக்கும் கட்டையை, அழுத்துங்கள். இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாயுங்கள். இப்போது நேரான சாலையில் முழங்கைகளை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஹேண்டில் அசையாமல் முழங்கை அசைந்தால் கை தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் இதைச் செய்யுங்கள், கூடவே மூச்சை வெளியே விடுங்கள். பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் உடம்பு இறுகினால், வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறையுங்கள். பயம் பல நேரம் சரியான தகவலைத்தான் சொல்கிறது. தைரியத்தால் அதை அமுக்க வேண்டாம். பயமில்லாத வேகத்தில் நேர்த்தியாக ஓட்டிப் பழகுங்கள், வேகம் தானாக வரும்.

அறிகுறி: வளைவின் நடுவில் பிரேக் பிடித்ததும் பைக் நிமிர்ந்து நேராக ஓடுகிறது

சாய்ந்திருக்கும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுவில் இல்லை, உள்பக்கமாக நகர்ந்திருக்கும். அந்த நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வளைவின் உள்பக்கமாகத் திருப்பப்படுகிறது, பைக் எழுந்துகொள்கிறது. எழுந்த பைக் நேராகத்தான் போகும். இது வண்டியின் கோளாறு இல்லை, இயற்பியல்.

டயருக்கு உள்ள பிடிப்பு ஒரே கணக்கு. சாய்வுக்குக் கொடுத்தது போக மீதிதான் பிரேக்குக்கு. மெல்லச் சாய்ந்திருந்தால் மெல்ல பிரேக் பிடிக்க இடம் உண்டு, முழுக்கச் சாய்ந்திருந்தால் எதற்கும் இடமில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சாய்வைக் கணக்கில் எடுக்கிற வகை விலை கூடிய பெரிய பைக்குகளில்தான் பெரும்பாலும் வரும். சாதாரண ஏபிஎஸ் நேராக ஓடும்போது காப்பாற்றுவதற்குச் செய்தது.

தொடங்குபவருக்கு விதி எளிது: பிரேக்கும் கியரும் வளைவுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். திரும்பியதும் த்ராட்டிலை இம்மியளவு திறந்து அப்படியே வைத்திருங்கள், வேகம் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். அப்படி வைத்தால் எடை முன்னும் பின்னும் சரியாகப் பங்கிட்டுக் கிடக்கும், சஸ்பென்ஷனுக்கு வேலை செய்ய இடம் இருக்கும். வெளியேறும் வழி தெரிந்ததும், விளிம்பு வரை நிறைந்த தே தாரே தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு நடக்கிற பக்குவத்தில் த்ராட்டிலைத் திறந்துகொண்டே போங்கள்.

இது கைக்கு வந்த பிறகு அடுத்த படி: முன் பிரேக்கை நேராக இருக்கும்போது பிடித்து, திரும்பத் தொடங்கும்போது ஒரேயடியாக விடாமல், சாய்வு கூடக் கூட விரலைத் தளர்த்திக்கொண்டே வருவது. எதிர்பாராமல் இறுகும் வளைவில் இது உயிரைக் காக்கும். ஆனால் இதைத் தனியாகச் சாலையில் சோதித்துக் கற்க வேண்டாம். அனுபவமுள்ள பயிற்றுநரோடு, மூடிய தளத்தில் பழகுங்கள். சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லாததால் நம்மவர்கள் பலர் இதற்காக மலேசியாவின் சிப்பாங் வரை போகிறார்கள். போய் வருகிற செலவுக்கு அது தகும்.

அறிகுறி: ஒரு பக்கம் நன்றாக வருகிறது, மறுபக்கம் வரவே இல்லை

இடது வளைவு சுலபம், வலது வளைவு பயம் என்று பலர் சொல்வார்கள். வலது கைக்கு அங்கே இரண்டு வேலை: த்ராட்டிலையும் பிடிக்க வேண்டும், கைப்பிடியையும் அழுத்த வேண்டும். மணிக்கட்டு கீழே தொங்கியிருந்தால் அழுத்தும்போதெல்லாம் த்ராட்டிலும் சேர்ந்து திறக்கும். பைக் துள்ளும், நீங்கள் பயந்து மூடுவீர்கள், பைக் தலை குனியும். கைப்பிடியை உள்ளங்கைக்குக் குறுக்காக, சற்றுச் சரிவாகப் பிடித்து, மணிக்கட்டை முன்கையோடு நேராக வையுங்கள். முழங்கை கொஞ்சம் வெளியே வரும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தினால் த்ராட்டில் அசையாது.

வலது வளைவில் இன்னொன்றும் உண்டு. இரு வழிச் சாலையில் உங்கள் டயர் நடுக்கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், சாய்ந்த தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே லாரி வந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் டயரை வையுங்கள்.

இடது பக்கம் வராதவர்களுக்குப் பெரும்பாலும் நடைபாதை விளிம்பின் மேல் பயம். அதற்கு மருந்து மேலே சொன்ன பார்வைதான்.

அறிகுறி: முதலில் திரும்ப மறுக்கிறது, பிறகு சட்டென்று விழுவது போலச் சாய்கிறது

தம்பி ஒருவர், ஜூரோங்கிலிருந்து சாங்கி வரை வேலைக்குப் போய் வருபவர், இதே புகாரோடு வந்தார். “அண்ணே, பைக்குக்கு என்னமோ ஆயிடுச்சு. வளைவுல தள்ளினா தள்ளினா வரமாட்டேங்குது, அப்புறம் பட்டுன்னு விழுது. நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டுறேனோ?”

அவர் பின் டயரின் குறுக்கே ஓர் அடிக்கோலை வைத்தோம். கோல் நடுவில் ஆடாமல் தட்டையாக உட்கார்ந்தது. புது டயரில் உருண்டையான முகட்டின் மேல் கோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். விரலால் தடவினால் தட்டைப் பகுதி முடிந்து ஓரம் தொடங்கும் இடத்தில் விளிம்பு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. ஓரத்தில் ரப்பர் புதிது போலவே இருந்தது, நடுவில் தேய்வு அடையாளம் தெரிந்துவிட்டது.

சிங்கப்பூரில் தினமும் விரைவுச்சாலையில் நேராக ஓட்டுபவரின் டயர் இப்படித்தான் தேயும். தட்டையான நடுப்பகுதி பைக்கை நேராகவே நிறுத்தப் பார்க்கிறது. அந்த விளிம்பைத் தாண்டியதும் சாய்வு ஒரே தாவலில் வந்துவிடுகிறது. எந்தப் பயிற்சியாலும் இது சரியாகாது. டயரை மாற்றினார், பைக் திரும்பியது. “சும்மா பயந்துக்கிட்டு இருந்தேன்ணே” என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. டயர் அப்படித்தான் நடந்துகொண்டது.

டயர் மாற்றியவர் கவனிக்க வேண்டியது: புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீட்டருக்குச் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டுங்கள். கடையிலிருந்து வெளியே வரும் முதல் சந்திப்பிலேயே விழுந்தவர்கள் உண்டு.

அறிகுறி: யூ-டர்னிலும் கார் நிறுத்துமிடச் சரிவிலும் கால் ஊன்ற வேண்டியிருக்கிறது

மெதுவான வேகத்துக்குச் சட்டம் வேறு. இங்கே கவுண்டர் ஸ்டீயரிங் உதவாது, ஹேண்டிலைத் திருப்பும் பக்கமே திருப்ப வேண்டும். கிளட்சைப் பாதிப் பிடியில் வைத்து, த்ராட்டிலை ஒரே அளவில் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிடுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைத் தொட்டால் பைக் அப்படியே படுத்துவிடும். உடம்பை வெளிப்பக்கம் வைத்து, பைக்கை மட்டும் உள்பக்கம் சாய்க்கவிடுங்கள். தாடை தோளுக்கு மேல் வரும் அளவுக்குத் தலையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். வளாகத்தில் எட்டு போடும்போது பயிற்றுநர் கத்திக் கத்திச் சொன்னது இதுதான், சாலைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

அடுக்குமாடி புளோக் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களில் சாய்தளம் வழுக்கும், கார்கள் சொட்டிய எண்ணெயும் கிடக்கும். மழையன்று வெளியிலிருந்து டயர் கொண்டுவரும் ஈரமும் சேர்ந்தால் மோசம். அங்கே சாய்க்கவே வேண்டாம், அகலமாக எடுத்து நிமிர்ந்தபடியே ஏறுங்கள். மேலிருந்து இறங்கும் கார் உங்கள் பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

அறிகுறி: மழையில் வளைவு வந்தாலே வழுக்குகிறது

தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசம். நாள் கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவிப் போகாமல் குழம்பிக் கிடக்கும். நன்றாகக் கொட்டித் தீர்த்த பிறகு தார்ச் சாலையில் பிடிப்பு ஓரளவு திரும்பிவிடும். ஆனால் சில இடங்களில் திரும்பவே திரும்பாது: வெள்ளைக் கோடு, அம்புக்குறி, சாக்கடை மூடி, மேம்பாலத்தின் இரும்பு இணைப்பு, மர நிழலில் கிடக்கும் ஈர இலை, கட்டுமான லாரி கொட்டிவிட்டுப் போன சேறு. சந்திப்புகளில் வாகனங்கள் நிற்கும் தடத்தின் நடுப்பகுதியில் எண்ணெய் சொட்டியிருக்கும், சக்கரங்கள் ஓடும் இரு ஓரங்கள் சுத்தமாக இருக்கும்.

இவற்றைத் தவிர்க்க முடியாவிட்டால், கடக்கும் அந்த அரை நொடிக்கு மட்டும் பைக்கை நிமிர்த்துங்கள். கடந்ததும் மறுபடி சாயுங்கள். வளைவை இரண்டாகப் பிரித்து, இரும்பு இணைப்பின் மேல் நேராகப் போகும்படி பாதையைத் திட்டமிடலாம். பின்சக்கரம் லேசாக நழுவினால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரி. த்ராட்டிலைப் பட்டென்று மூடினால்தான் நழுவிய சக்கரம் திடீரென்று பிடித்து உங்களைத் தூக்கி எறியும்.

விடிகாலையில் சுமத்ரா காற்றோடு வரும் மழையில் பக்கக்காற்றும் சேர்ந்து அடிக்கும். அப்போது விரைவுச்சாலைப் பாலங்களுக்குக் கீழே மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் இடத்தில் ஒதுங்கிவிடுங்கள். வேலைக்குத் தாமதமானால் பரவாயில்லை, மேலாளரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அறிகுறி: பின்னால் ஆள் இருந்தால் பைக் வேறு பைக் ஆகிவிடுகிறது

ஆகத்தான் செய்யும். பின்பக்கம் அமுங்குகிறது, முன்சக்கரம் இலேசாகிறது, பைக் வெளிப்பக்கம் ஓடப் பார்க்கிறது. பின் சஸ்பென்ஷனை ஓரிரு படி இறுக்குங்கள், கையேட்டில் இருவருக்கென்று கொடுத்திருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். மனைவியோ மகனோ ஏறும் முன் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “வளைவுல நான் சாயுற பக்கத் தோளுக்கு மேல எட்டிப் பார்.” அப்படிப் பார்த்தாலே உடம்பு சரியான அளவுக்குச் சாய்ந்துவிடும். நேராக நிமிர்ந்து எதிர்ப்பதும் நடக்காது, அளவுக்கு மீறிச் சாய்வதும் நடக்காது.

அறிகுறி: தனியாக ஓட்டினால் சரி, கூட்டத்தோடு போனால் தவறு மேல் தவறு

இந்தக் கடைசி அறிகுறி எனக்கு மிகக் கவலை தருவது. 2பி வண்டியில் ஒரு வருடம் ஓட்டிய தம்பி, சூப்பர் ஃபோர் என்ற பெரிய பைக் வைத்திருக்கும் அண்ணன்மாரோடு ஞாயிறு காலை எல்லை தாண்டுகிறார். வளைவுகளில் அவர்கள் தூரம் போய்விடுகிறார்கள். விட்டுவிடக் கூடாதே என்று அவர்களுடைய பின்விளக்கையே பார்த்து ஓட்டுகிறார். கண் சாலையை விட்டு முன்வண்டியில் ஒட்டிக்கொண்டது, வேகம் அவருடையது இல்லை, திரும்பும் இடமும் அவருடையது இல்லை. மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவிட்டன.

அந்தப் பக்கச் சாலைகளும் நம் சாலைகள் போல இல்லை. செம்பனைக் காய் ஏற்றிய லாரி சிந்தியதும், தோட்டத்துச் சந்திலிருந்து ஏறிய மண்ணும், குறுக்கே வரும் நாயும் வளைவுக்குப் பின்னால் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அங்கே உங்கள் வேகம். 60-இல் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடுகிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலை நம்மிடம்தான் இருக்கிறது. டெவில்ஸ் பெண்ட் என்று பெயர் வாங்கிய வளைவும் அங்கேதான். அந்தப் பெயரைக் கேட்டு அங்கே போய் வேகம் பழகப் பார்ப்பவர்களும் உண்டு. இன்று அது காட்டோரத்துச் சின்னச் சாலை. குரங்குகள் இறங்கி உட்கார்ந்திருக்கும், நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் வருவார்கள். பார்வையும் பொறுமையும் பழகுவதற்கு 40-இல் போங்கள், நல்ல இடம்.

கூட்டத்துக்கு மருந்து கிளம்பும் முன்பே இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போதே பேசுங்கள்: யாரும் யாரையும் துரத்த வேண்டாம், ஒவ்வொரு சந்திப்பிலும் முன்னால் போனவர் கடைசி ஆள் வரும் வரை நிற்க வேண்டும், புதியவர் முதல் ஆளுக்கு அடுத்த இடத்தில் வர வேண்டும், முதல் ஆள் புதியவரின் வேகத்துக்கு ஓட்ட வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கூட்டம் என்றால் அந்த ஞாயிறு அவர்களோடு போகாதீர்கள். ஒத்துக்கொண்டால், முன்வண்டியிலிருந்து மூன்று வினாடி இடைவெளி விட்டு, அதன் பின்விளக்கைத் தாண்டி அடுத்த வளைவைப் பாருங்கள்.